மோர் தடவிய கல்

எடின்பரோவுக்கு வெகு வடக்கே, ஓரக் பள்ளத்தாக்கில் மலைப்பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் இடுப்புயரத்துக்கு ஒரு கல் நிற்கிறது. அதில் நான்கு வரி செதுக்கியிருக்கிறது. முதல் வரி யூவன் சிஸம் என்ற பெயர். அடுத்தது வயது பதினாறு. மூன்றாவது, 1898 அக்டோபர் 4. இந்த மட்டில் கல்தச்சன் உளியைக் கீழே வைத்திருந்தால் எஃபி மெக்லெனனுக்கு எத்தனையோ படி மோர் மிச்சமாகியிருக்கும். அவன் வைக்கவில்லை. நான்காவது வரி: 'டூகல்ட் மெக்லெனன் கையால் மாண்டான்.'

டூகல்ட், எஃபியின் அப்பாவைப் பெற்றவர். வேட்டை பங்களாவில் மான்காவலராக இருந்தவர். துரைமார்களை மலைக்குக் கூட்டிப்போய், மானைக் காட்டி, துப்பாக்கியைக் கையில் கொடுத்து, சுட்ட பிறகு குறி தப்பியிருந்தாலும் 'காற்று மோசம் துரை' என்று சொல்வது அவர் வேலை. யூவன், விழுந்த மானை ஏற்றிவர மட்டக்குதிரை ஓட்டிப்போகும் பையன்.

மோர் விஷயம் இதுதான். கல்லில் மோர் தடவிவைத்தால் பாசி சீக்கிரம் பிடிக்கும். புதுத் தொட்டியைப் பழசாகக் காட்ட நினைக்கிற தோட்டக்காரிகளின் தந்திரம் அது. எஃபி இருபத்தாறு வருஷமாக, பனி உருகியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊரே தேவாலயத்தில் பிரசங்கம் கேட்டுக் கொட்டாவி விடும் நேரமாகப் பார்த்து, தூக்குவாளியில் மோரும் கையில் பெயிண்ட் பிரஷுமாக மேலே போவாள். நான்காவது வரிக்கு மட்டும் பூசிவிட்டு இறங்கிவிடுவாள். அங்காடிக்காரி மோரை அளந்து ஊற்றும்போது, "குடிக்கவா, பூசவா?" என்று கேட்பாள். எஃபி பதில் சொன்னதில்லை.

எதிர்க்கட்சி ஆலிக் சிஸம். செத்த யூவனின் அண்ணன் மகன். அவர் ஒவ்வொரு புத்தாண்டுப் பிறப்பன்றும் காலையில் கம்பி பிரஷை எடுத்துக்கொண்டு மலையேறி, வருஷம் பூராவும் பிடித்த பாசியைச் சுரண்டி எறிந்துவிட்டு வருவார். இருவரும் ஒருவரையொருவர் கையும் களவுமாகப் பிடித்ததில்லை. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதும் இல்லை. எஃபி நாற்பது வருஷம் அந்த ஊர்த் தபாலாபீஸை நடத்தியவள். ஆலிக் ஸ்டாம்ப் வாங்க வந்தால் காசை அவள் கையில் தராமல் மேஜையில் வைப்பார். பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "டூகல்ட் பேத்தி, ரெண்டு ஸ்டாம்ப்." அவ்வளவுதான்.

நாலு வருஷத்துக்கு முன் ஆலிக்கின் முட்டிகள் இரண்டும் ஒரே குளிர்காலத்தில் மக்கர் செய்துவிட்டன. பிரஷ் மூலையில் உட்கார்ந்துவிட்டது. பாசி ஜெயித்தது. 1989 இலையுதிர்காலத்தில் நான்காவது வரி இருந்த இடத்தில் ஒரு பச்சைப் பட்டைதான் இருந்தது. மலையேற வருகிற வெளியூர்க்காரர்கள் மூன்று வரியைப் படித்துவிட்டு, ஐயோ பாவம் என்று சொல்லிக்கொண்டு சாண்ட்விச் தின்றார்கள்.

எஃபி சந்தோஷப்பட்டிருக்கலாம். முடியவில்லை. அவளுக்கு வயது எழுபத்துமூன்று, பிள்ளைகுட்டி கிடையாது. அவளுக்குப் பிறகு மோர் தடவ ஆளில்லை. பாசி ஒரு வறண்ட கோடையில் உதிர்ந்துவிடும். எழுத்தோ விரல் நுழையும் ஆழத்துக்கு வெட்டியது. கல்லுக்கு என்ன அவசரம், அது காத்திருக்கும். அந்த வரியைப் பச்சையால் மூடினால் போதாது, வெட்டி எறிய வேண்டும். அதற்கு ஆலிக் சம்மதிக்க வேண்டும், ஏனென்றால் கல் சிஸம் வீட்டார் காசில் வைத்தது.

மெக்லெனன் வீட்டில் சொல்லிவந்த கதை வேறு. அன்று துப்பாக்கி விருந்தாளியாக வந்த லட்லோ துரையின் கையில் இருந்தது. அவர் மூடுபனியில் எதுவோ அசைந்ததைப் பார்த்து அவசரப்பட்டுச் சுட்டார். டூகல்ட் தன் வேலையையும் பங்களா கொடுத்த வீட்டையும் நினைத்துப் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார். விசாரிக்க வந்த அதிகாரியிடம் அவர் சொன்னது மூன்றே வார்த்தை: 'என் கையில்தான் வெடித்தது.' விபத்து என்று எழுதி மூடினார்கள். டூகல்ட் அதற்குப் பிறகு முப்பது வருஷம் உயிரோடிருந்தார். இதைப் பற்றி நாலாவது வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை.

அந்தக் குளிருக்குமுன் பங்களாவை ஒரு கம்பெனி வாங்கியது. மரம் வளர்க்கப் போகிறார்களாம், மான் வேண்டாமாம். உள்ளே இருந்த தட்டுமுட்டுச் சாமான், கொம்பு, கம்பளம், துப்பாக்கி எல்லாவற்றையும் ஏலத்துக்கு விட்டார்கள். ஏலத்துக்கு முந்தின நாள் பார்வைக்குத் திறந்துவைத்தபோது எஃபி போனாள். துப்பாக்கி அறையில் எடின்பரோ வியாபாரி ரன்சிமன் மண்டியிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஒரு துப்பாக்கியின் அடிவயிற்றைப் படித்துக்கொண்டிருந்தார். பழந்துப்பாக்கி வாங்கி விற்பது அவர் தொழில். ஐம்பது வயது, ஒடிசலான ஆள். நல்ல காது, அடுத்தவர் விலை சொல்லும்போது மட்டும் கேட்காது.

அது ஒற்றைக் குண்டுத் துப்பாக்கி. கீழே ஒரு லீவர். அதை இறக்கினால் பின்புறம் திறக்கும், ஒரு தோட்டாவை வைத்து லீவரை மூடினால் சுடத் தயார். சுட்டபின் மறுபடி இறக்கி, மறுபடி வைத்து, மறுபடி மூட வேண்டும். பக்கத் தகட்டில் ஒரு மான் செதுக்கியிருந்தது, செதுக்கியவன் மானை நேரில் பார்க்காதவன் போலும், ஆட்டுச்சாயல். எண் 4417. எஃபிக்கு அந்த எண் தேவையில்லை. அவளுடைய சின்ன வயதில் அப்பா ஒரே ஒருமுறை அதைக் காட்டி, "தொடாதே" என்றிருக்கிறார்.

"இதுக்குக் கதை ஏதாச்சும் உண்டாம்மா?" என்றார் ரன்சிமன், தலை தூக்காமலே.

"இருந்தா என்ன, இல்லாட்டி என்ன தம்பி?"

"இல்லாட்டி இது இரும்பும் வால்நட் கட்டையும். இருந்தா சரித்திரம்."

"சரித்திரத்துக்கு எவ்வளவு கூடப் போட்டு விப்பீங்க?"

ரன்சிமன் அப்போதுதான் கண்ணாடியைக் கீழே இறக்கி அவளைப் பார்த்தார். "கடை வச்சிருந்தீங்களா?"

"தபாலாபீஸ்."

"அதானே பாத்தேன். நிறுத்துப் பாக்காம எதையும் வாங்க மாட்டீங்க."

பத்து நிமிஷத்தில் பேரம் முடிந்தது. அந்தத் துப்பாக்கியைச் செய்த எடின்பரோ கம்பெனி மூடி நாற்பது வருஷமாகிறது. அதன் ஏடுகளும் கடிதக் கட்டுகளும் ரன்சிமனிடம் இருந்தன. ஒவ்வொரு எண்ணும் யாருக்குச் செய்தது, எப்போது பழுது பார்த்தது, என்ன பழுது, எல்லாம் அதில் இருக்கும். ஏலத்தில் துப்பாக்கி தனக்கு விழுந்தால் அவர் 4417ஐத் தேடித் தருவார். பதிலுக்கு எஃபி, இது தன் வீட்டு இரண்டு தலைமுறை தோளில் சுமந்த துப்பாக்கி என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். செத்த பையனைப் பற்றி அவள் சொன்னாள். ரன்சிமன் கேட்டுக்கொண்டார். அதை எழுத வேண்டாம் என்றார்.

போகும்போது எஃபி இன்னொன்றும் வாங்கிப்போனாள். பங்களாவின் வேட்டைப் புத்தகம், 1890இலிருந்து 1902 வரை. தோல் அட்டையை எலி தின்றிருந்ததால் யாரும் சீந்தவில்லை, மூன்று பவுண்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் பிரித்தாள். இருந்தது. 'அக்டோபர் 4. லட்லோ. மான் ஒன்று. குண்டு இரண்டு. வடமேற்குக் காற்று. குறிப்பு: மட்டக்குதிரைப் பையன் தவறினான்.' மானின் எடையைக்கூட விடாமல் எழுதியிருந்தார்கள்.

குண்டு இரண்டு. இரண்டும் லட்லோ பெயரில். அவள் அந்தப் புத்தகத்தை ரொட்டி சுற்றுகிற துணியில் சுற்றிக்கொண்டு மறுநாள் ஆலிக் வீட்டுக்குப் போனாள். பள்ளத்தாக்கின் கடைசி வீடு, பின்ஜன்னலைத் திறந்தால் கல்லிருக்கும் மேடு தெரியும். எழுபத்துமூன்று வருஷத்தில் அந்த வாசலை அவள் மிதித்தது அதுதான் முதல்முறை. ஆலிக் உள்ளே கூப்பிடவில்லை. நிலைப்படியில் கம்பு ஊன்றி நின்றபடியே படித்தார்.

"உங்க அப்பன் எத்தனை வருஷம் மான்காவலா இருந்தான், டூகல்ட் பேத்தி?"

"முப்பத்தொண்ணு."

"எத்தனை மான் சுட்டிருப்பான்?"

எஃபிக்குக் கேள்வி எங்கே போகிறது என்று புரிந்துவிட்டது. துரை குறி தப்பினால், துரைக்குக் கை நடுங்கினால், துரைக்கு நேற்று குடித்த விஸ்கி இறங்கவில்லை என்றால், சுடுவது காவலர்தான். புத்தகத்தில் ஏறுவது துரை பெயர்தான். அது அந்த மலைகளில் எல்லா பங்களாவிலும் வழக்கம். "நூறு இருக்கும்," என்றாள்.

"புத்தகத்துல அவன் பேர்ல எத்தனை?"

"ஒண்ணும் இல்ல."

"அப்புறம் இதை எடுத்துக்கிட்டு எங்கிட்ட வர்ற. வேற எவளாவது வந்திருந்தா, ஏமாந்திருப்பா, போகட்டும்னு விட்டிருப்பேன். காவலன் மக நீ வரலாமா?"

புத்தகத்தை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். ஆனால் கதவைச் சாத்தவில்லை. தன் காலைப் பார்த்துக்கொண்டு பேசினார். கல் அவர் அப்பா வைத்தது. புத்தாண்டுக்குப் புத்தாண்டு அப்பா அவரை அங்கே கூட்டிப்போய் நாலாவது வரியைச் சத்தமாகப் படிக்கச் சொல்வாராம். பள்ளிக்கூடம் போகும் முன்பே அவர் எழுத்துக் கூட்டியது அதில்தான். தனக்கும் பிள்ளை இல்லை, இதைத் தூக்கிக்கொண்டு சாவதில் தனக்கும் ஆசை இல்லை என்றார். "துரை எழுதினதும் வேணாம், உங்க வீட்டுல சொன்னதும் வேணாம். இந்த ரெண்டு கூட்டத்துக்கும் சம்பந்தமில்லாதவன் எவனாச்சும் எழுதி வச்சிருந்தா கொண்டா. உளியை நானே எடுத்துத் தர்றேன்."

நவம்பர் நடுவில் ரன்சிமனிடமிருந்து கடிதம் வந்தது. எஃபி ரயிலேறி எடின்பரோ போனாள். கடையின் பின்னறையில் மண்ணெண்ணெய் அடுப்பு எரிந்தது. எண்ணெய் வாசமும் பழைய காகித வாசமும் கலந்து அடித்தது. ரன்சிமன் ஏட்டைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினார். 1881இல் ஓரக் பங்களாவுக்குச் செய்தது. அதன்பின் ஒன்றும் இல்லை, பதினேழு வருஷம். பிறகு ஒரு வரி:

'1898 அக்டோபர் 19. எண் 4417. லீவரை மூடும்போதே வெடிக்கிறது. உள்கொக்கி தேய்வு. புதியது போட்டு அனுப்பப்பட்டது.'

எஃபி மூன்று முறை படித்தாள். பையன் செத்துப் பதினைந்து நாள் கழித்து, இரண்டு வீட்டுக்கும் சம்பந்தமில்லாத ஒரு குமாஸ்தா, செத்தவன் பெயர்கூடத் தெரியாமல் எழுதிய வரி. விசையை யாரும் இழுக்கவில்லை. துரை ஒரு குண்டு சுட்டிருக்கிறார். டூகல்ட் அடுத்த தோட்டாவை வைத்து லீவரை மூடியிருக்கிறார். அது தானாக வெடித்திருக்கிறது. கை டூகல்டுடையதுதான், ஆனால் கொன்றது தேய்ந்த இரும்பு. வீட்டில் சொன்ன கதை பொய் என்பது அவளுக்கு உறைத்தது. இருந்தாலும் இந்த உண்மை அதைவிட நன்றாக இருந்தது.

ரன்சிமன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு கடையில் நல்ல சரக்கைக் காட்டிய பிறகு அடுத்ததைக் காட்டலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்போல் விரலால் மேஜையைத் தட்டினார். "இதோட போயிருங்கன்னு சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"வேற என்ன இருக்கு?"

"கடிதக் கட்டுல ஒண்ணு. உங்க தாத்தா கையெழுத்து."

ஒரே தாள். தேதி ஆகஸ்ட் 24, பையன் சாவதற்கு ஆறு வாரம் முன்பு. எஃபிக்கு அந்தக் கையெழுத்து பழக்கம், வீட்டு பைபிளின் முதல் பக்கத்தில் பிறப்பு இறப்பெல்லாம் அதே கையில்தான் இருக்கின்றன.

'ஐயா, துப்பாக்கியைச் சரிசெய்ய மூன்று வாரம் ஆகும் என்று எழுதியிருக்கிறீர்கள். லட்லோ துரை திங்கட்கிழமை வருகிறார். வந்தால் இதைத்தான் கேட்பார். இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேட்பார். ஆகையால் சரிசெய்யாமலே சனிக்கிழமை ரயிலில் திருப்பி அனுப்பவும். மூடும்போது வெடித்தது இதுவரை இரண்டு முறைதான். இரண்டாம் முறை எங்கள் குதிரைப் பையன் தொப்பியில் ஓட்டை விழுந்தது. பையன் சிரித்தான். வேட்டை முடியும் வரை நான் ஆளில்லாத பக்கம் பார்த்து மூடிக்கொள்கிறேன்.'

அடுப்பு சீறிக்கொண்டிருந்தது. ரன்சிமன் அவள் பக்கம் பார்க்காமல் பேசினார். "நான் கடைக்காரன்மா. இந்தத் தாள் வெளியில வந்தா இது ஆளைக் கொன்ன துப்பாக்கி. அதுக்குன்னே தேடி வர்றவங்க இருக்காங்க, கூடுதலாவும் கொடுப்பாங்க. அவங்களுக்கு நான் விக்கிறதில்ல." யோசித்துத் திருத்திக்கொண்டார். "ரெண்டு தடவைதான் வித்திருக்கேன். இதை உங்ககிட்டயே கொடுத்துடறேன். ஏட்டுல நான் படிச்சது ஒரு வரி, அதோட என் வேலை முடிஞ்சது. அடுப்பு இங்க இருக்கு, நான் டீ வாங்க வெளிய போறேன்."

அவர் போய் டீயோடு வரும்போது எஃபி கோட்டுப் பொத்தான் போட்டு உட்கார்ந்திருந்தாள். கைப்பையில் இரண்டு உறை. ஏட்டு வரியின் நகல் ஒன்றில், தாத்தாவின் கடிதம் இன்னொன்றில். நாற்பது வருஷத்தில் அவள் எத்தனையோ கெட்ட சேதிகளைக் கையில் பிடித்திருக்கிறாள். ஒன்றையும் எரித்ததில்லை. அதற்காக எல்லாவற்றையும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை, இது ஆலிக் பெயருக்கு வந்த தபாலும் இல்லை என்று ரயில் நெடுகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் மதியம் ஆலிக்கிடம் முதல் உறையைத்தான் கொடுத்தாள்.

அவர் ஜன்னல் வெளிச்சத்துக்கு நகர்ந்து படித்தார். ஒருமுறை படித்து, கண்ணாடியைத் துடைத்து, மறுபடி படித்தார். "மூடும்போதே வெடிக்குது," என்றார். "அப்ப யாரும் சுடல."

"யாரும் சுடல."

"இரும்பு."

"ஆமா."

ஆலிக் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து கெட்டிலை அடுப்பில் வைத்தார். இரண்டு கோப்பை எடுத்தார், ஒன்றுக்குக் காது உடைந்திருந்தது, அதைத் தனக்கு வைத்துக்கொண்டார். ஓட்ஸ் ரொட்டி வைத்தார். அது எந்த மாதத்து ரொட்டியோ, எஃபி கடித்தபோது பல் ஆடியது, இருந்தும் தின்றாள். அவர் இழுப்பறையைத் திறந்து துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து மேஜையில் பிரித்தார். சாம்பல்நிறக் கம்பளித் தொப்பி. "சித்தப்பாவோடது. எங்க அப்பா பத்திரப்படுத்தினார். குண்டு நெஞ்சுல பட்டுச்சு, தொப்பிக்கு ஒண்ணும் ஆகல. பூச்சிதான் அரிச்சிருச்சு, பாரு." உச்சிக்குப் பக்கத்தில் இருந்த ஓட்டையைக் காட்டினார். வட்டமான ஓட்டை. எதிர்ப்பக்கம் அதே அளவில் இன்னொன்று.

எஃபி டீயைக் குடித்தாள். சூடு தெரியவில்லை.

"உளி கொட்டகையில இருக்கு, எஃபி," என்றார் ஆலிக். அவள் பெயர் அந்த வாயில் பழக்கமில்லாத சாமான்போல் இடறிக்கொண்டு வந்தது. "சுத்தியலும் அங்கதான். பிரஷையும் எடுத்துக்க, பாசியை எடுத்தாத்தான் எழுத்து எங்க இருக்குன்னு தெரியும். என்னால ஏற முடியாது. சத்தம் கேக்கும், ஜன்னலைத் திறந்து வச்சுக்கிறேன்."

அவள் ஏறினாள். மழை இல்லை, காற்று மட்டும். கல்லின் முன் மண்டியிட்டு முதலில் கம்பி பிரஷால் தேய்த்தாள். இருபத்தாறு வருஷ மோரும் நாலு வருஷப் பாசியும் கெட்டியாக ஒட்டியிருந்தன. தானே வளர்த்ததைத் தானே சுரண்டுவது இவ்வளவு கஷ்டம் என்று அவள் நினைத்ததில்லை. பச்சை உருண்டு உருண்டு விழுந்தது. கீழிருந்து எழுத்து ஒவ்வொன்றாக வந்தது, நேற்று வெட்டியதுபோல. 'கையால்' என்ற சொல் வந்ததும் நிறுத்தி மூச்சு வாங்கினாள். பிறகு மீதியையும் தேய்த்தாள். தேய்த்து முடித்து உளியை முதல் எழுத்தின்மேல் வைத்தாள். சுத்தியலைத் தூக்கினாள்.

பையன் சிரித்தான்.

தூக்கிய கை வலித்தபோது இறக்கினாள். மறுபடி தூக்கவில்லை. கீழே ஆலிக் வீட்டு ஜன்னல் ஒரு கறுப்புச் சதுரமாகத் திறந்திருந்தது.

அவள் திரும்பி வந்தபோது கதவு திறந்தே இருந்தது. தொப்பி மேஜைமேல் அப்படியே கிடந்தது. "சத்தம் கேக்கலையே," என்றார் ஆலிக். எஃபி உளியையும் சுத்தியலையும் பச்சை ஏறிய பிரஷையும் மேஜையில் வைத்தாள். கைப்பையைத் திறந்து இரண்டாவது உறையை எடுத்து அவற்றின் பக்கத்தில் வைத்தாள்.

"இதை நேத்தே வாங்கியாச்சு. முதல்லயே கொடுத்திருக்கணும்."

ஆலிக் உதட்டை அசைத்துக்கொண்டு படிப்பவர். ஆகவே அவர் எந்த இடத்தில் இருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. திங்கட்கிழமை. சனிக்கிழமை ரயில். இரண்டு முறைதான். அடுத்த வரியில் உதடு நின்றது. தாளைப் பிடித்தபடியே இன்னொரு கையை நீட்டி, தொப்பியின் ஓட்டைக்குள் விரலை விட்டார். விரல் மறுபக்கத்து ஓட்டை வழியாக வெளியே வந்தது.

"சிரிச்சிருக்கான்," என்றார்.

எஃபி நின்றுகொண்டிருந்தாள்.

"தெரிஞ்சிருக்கு அந்த ஆளுக்கு. ஆறு வாரம் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் இவனைக் கூடவே கூட்டிக்கிட்டுத் திரிஞ்சிருக்கான்." தாளை மடித்தார், மடிப்பை நகத்தால் நீவினார். "எதுக்குக் கொண்டாந்த? நான் கேட்டேனா? கேட்டது ஒண்ணு, அதைக் கொண்டாந்த. அதோட போயிருக்கலாமில்ல."

"போயிருக்கலாம்."

"எனக்கு எண்பத்துமூணு வயசு. ஒரு மத்தியானம், ஒரே ஒரு மத்தியானம், யார்மேலயும் கசப்பில்லாம உக்காந்திருந்தேன். அது உனக்குப் பொறுக்கல."

நேர்மை என்று எதையோ சொல்லலாம், ஆனால் அந்த அறையில் அதற்கு என்ன விலை போகும் என்று அவளுக்கே தெரிந்தது. ஆலிக் அவள் குடித்த கோப்பையை எடுத்து, அடியில் மிச்சமிருந்த டீயைத் தொட்டியில் ஊற்றிக் கழுவினார். அலமாரியில் கவிழ்த்தார். பிறகு ஜன்னலைச் சாத்தினார்.

"வாசப்படி வழுக்கும்," என்றார், முதுகைக் காட்டிக்கொண்டே. "பாத்துப் போ, டூகல்ட் பேத்தி."

டிசம்பரில் ரன்சிமன் தன் விற்பனைத் தாளின் ஒரு பிரதியை அனுப்பிவைத்தார். 'ஒரே காவலர் குடும்பத்தின் இரண்டு தலைமுறை கையாண்டது. 1898இல் தயாரித்தவர்களாலேயே பழுது பார்க்கப்பட்டது. நல்ல நிலை.' ஒரு வரியும் பொய்யில்லை. துப்பாக்கி ஜெர்மனிக்குப் போய்விட்டதாகவும், வாங்கியவருக்கு மிகுந்த திருப்தி என்றும் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார். எஃபி அதை வேட்டைப் புத்தகத்துக்குள் வைத்து மூடினாள்.

புத்தாண்டுக்கு இரண்டு நாள் முன்பு அங்காடிக்குப் போய் ஒரு கம்பி பிரஷ் கேட்டாள். அங்காடிக்காரி எடுத்துக் கொடுத்தாள். பழக்கத்தில் ஏதோ கேட்க வாயெடுத்தவள், எஃபியின் முகத்தைப் பார்த்துவிட்டு, காசை மட்டும் வாங்கிக்கொண்டாள்.